ஊசி எடுத்த இடம்

1

திருப்பதியில் பழைய சாமான் கடையொன்றில் மெழுகு உருளையில் ஓடும் போனோகிராப் ஒன்றைப் பார்த்தேன். விலை விசாரித்தேன். மெஷினைவிட, வீட்டு மனிதர் யாராவது பேசிப் பதிந்த உருளை இருந்தால் அதற்குத்தான் கிராக்கி என்றார் கடைக்காரர். அதுவும் போட்டுக் கேட்காததாக இருக்க வேண்டுமாம். கேட்காத குரலுக்கு என்ன ஐயா மதிப்பு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'நகரி மலைமேல் அந்திச் சூரியன் மெல்ல...' வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாவது: ஆந்திர ராஜ்யம் தனியாகப் போய், நகரி எந்தப் பக்கம் என்று தீராமல் கிடந்த காலம். தறிகள் வைத்திருந்த வேதாச்சலத்துக்குப் பழைய போனோகிராப் சேர்ப்பதில் பைத்தியம். அவர் சேர்த்ததிலெல்லாம் உசத்தி, மனைவி தாட்சாயணியோடு வந்த ஓர் உருளை. அவள் நைனா, அதாவது அப்பா, ஒரு ஜமீனில் குமாஸ்தா. ஜமீனுக்கு வந்த புது மெஷின் முன்னால் பெண்டாட்டியைப் பேசவைத்துப் பதிந்தார். அடுத்த வருஷம் தாட்சாயணியைப் பெற்றுவிட்டு அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாள். [போட்டோ உண்டா? இல்லை. இருந்தால் எனக்குக் கதை இல்லை.]

அம்மா குரலை ஒருமுறை கேட்க வேண்டும். தாட்சாயணி வேறெதுவும் கேட்டதில்லை. வேதாச்சலம் உருளையை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"ஒவ்வொரு வாட்டியும் ஊசி மெழுக சொரண்டிக்கினே போவும். தேஞ்சிபூட்டா இதுக்கு இன்னா மதிப்பு?"

(இவரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர். பொருள் சேர்ப்பவர், அவ்வளவுதான்.)

3

நகரி தமிழ் ஊர் என்று காட்ட எல்லைக் கமிட்டி ஆதாரம் தேடியது. ஐம்பது வருஷத்துக்கு முந்திய தமிழ்க் குரலே இருக்கும்போது எல்லை பிரிக்க வரும் எந்த ஆபீசர் மறுப்பார் என்று கேட்டார் கமிட்டிக்காரர் கோவர்த்தனன். வேதாச்சலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அலமாரி திறந்தது.

குரல் தமிழில் புருஷனை அதட்டியது. பாதி வாக்கியத்தில், அந்தப் பக்கத்தில் எல்லோரும் பேசுவதுபோல, தெலுங்குக்குத் தாவியது. கோவர்த்தனன் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. இதுக்கு மேல தெலுங்கு. ஆபீசர் காதுல வுழக்கூடாது."

ஊசியை எடுத்தார்கள். அதன் பிறகு மனுவில் கையெழுத்துப் போட வந்த புத்தூர்க்காரர், சத்தியவேடு ஆட்கள் எல்லோருக்கும் தமிழ்ப் பாதி மட்டும் ஓடியது. தாட்சாயணி வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டாள். பம்ப் ஸ்டவ் இரைச்சலில் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. அணைத்துவிட்டு ஓடிவருவாள்; ஊசியை எடுத்திருப்பார்கள். [அவள் சண்டை போட்டிருக்கலாமே? எழுதிப் பார்த்தேன். கூடம் நிறைய ஆண்பிள்ளைகள். அவள் அடுத்த காபியைப் போடப் போய்விட்டாள்.]

ஆபீசர் வரவேயில்லை. திருத்தணி மதராஸுக்குப் போயிற்று. நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது.

4

கூட்டம் ஓய்ந்ததும் வேதாச்சலம் தாட்சாயணியைக் கூப்பிட்டு மெஷின் எதிரில் உட்காரச் சொன்னார். உருளை சுற்றியது. உஸ்ஸென்ற சத்தம்தான். தமிழ்ப் பாதி முழுக்கத் தேய்ந்திருந்தது. தெலுங்கு தொடங்கும் இடத்துக்கு வந்ததும் பழக்கத்தில் அவர் கை ஊசிக்குப் போயிற்று.

"எடுக்காதீங்க. தெலுங்குல பேசினா எங்கம்மா இல்லையா?"

அவர் கையை இழுத்துக்கொண்டார். அந்தப் பாதி யார் காதுக்கும் போகாமல் அப்படியே இருந்தது. நேற்றுப் பேசினதுபோலத் தெளிவாகக் கேட்டது.

அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று மூன்று வரி எழுதினேன். அடித்துவிட்டேன். ஊருக்குப் போட்டுக்காட்டியது போதும்.

உருளை நின்றது. தாட்சாயணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி" என்றாள்.

மிச்சமிருப்பது அந்தப் பாதிதான். அதன் மதிப்பு அவருக்குத் தெரியும். வேதாச்சலத்தின் கை சுற்றும் சாவிக்குப் போகிறதா, உருளையை எடுத்துப் பூட்டப் போகிறதா? இரண்டு விதமாகவும் எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று. இனி உங்கள் பாடு. என்ன செய்தாலும், அவள் இன்னும் எழுந்துபோகவில்லை என்பதைப் பார்த்துச் செய்யுங்கள்.