பூமாலையின் வயது

மாசிலாமணி வாத்தியார் கேட்டது ஒரே ஒரு ஆறாம் வகுப்பு. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்துச் சேரியில் அவர் ஒருவரே நடத்திவந்த பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். ஆறாவது படிக்கத் திண்டிவனம் போக வேண்டும். எட்டு மைல். பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளையும் போனதில்லை. ஆறாவது கேட்டு மூன்று தடவை மனுப் போட்டார். மூன்றாவது மனுவுக்கு இன்ஸ்பெக்டர் வாய்வார்த்தையாகப் பதில் சொன்னார். சேரிப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் படிப்பு ஏறுமா என்பதே சந்தேகமாம். மதராஸிலிருந்து ஒருவர் பிள்ளைகளின் புத்தியை அளக்க வருகிறாராம். அந்தக் கணக்கு வரட்டும், பார்க்கலாம் என்றார்.

1939 புரட்டாசியில் அவர் வந்தார். பெயர் சக்கரபாணி. மனோதத்துவத்தில் ஆராய்ச்சி செய்கிற இளைஞர். விழுப்புரத்தில் தங்கி, அங்கே டவுன் பிள்ளைகள் முப்பது பேரை அளந்து முடித்திருந்தார். சேரியிலும் முப்பது பேர் வேண்டும், குறைந்தால் சராசரிக்கு மதிப்பில்லை, வேறு ஊர் பார்த்துக்கொள்வேன் என்று முன்னாலேயே கார்டு போட்டிருந்தார்.

அந்த முப்பதுதான் இடித்தது. அது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குகிற காலம். பதிவேட்டில் முப்பத்திரண்டு பெயர் இருந்தாலும், கையில் பலமுள்ள பிள்ளைகளெல்லாம் கூலிக்குக் காட்டுக்குப் போய்விடும். வருகை இருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. அக்காள் காட்டுக்குப் போனால், இன்னும் பள்ளியில் சேராத தங்கை வந்து அவள் இடத்தில் உட்காரும். அக்காள் பெயரைக் கூப்பிட்டால் தங்கை ‘உள்ளேன் ஐயா’ சொல்லும். மாசிலாமணி தலை நிமிராமல் குறித்துக்கொள்வார்.

அன்றைக்கும் பெயர் கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சக்கரபாணி பதிவேட்டிலிருந்து பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டே வந்தார். முப்பத்திரண்டு பெயருக்கும் குரல் வந்தது. அதில் பதின்மூன்று வேறு ஆளின் குரல்.

பூமாலை என்றதும் எழுந்தது அவள் தங்கை அம்சா. ஏழு வயது. சக்கரபாணியின் பென்சில் நின்றது.

“இதுக்குப் பதினொரு வயசா? ரொம்பப் பொடிசா இருக்கே.”

“கூழு குடிச்சி வளர்ற புள்ளைங்க சார்,” என்றார் மாசிலாமணி.

சக்கரபாணி அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அளப்பதற்கு இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, மணல் போட்ட தீப்பெட்டிகளைக் கொடுத்து எது கனம் என்று கேட்டார். எண்களைச் சொல்லிப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்சா நாலு எண்ணைத் தடுக்காமல் திருப்பிச் சொன்னாள். மாசிலாமணிக்குப் பெருமையாக இருந்தது. இது பரீட்சை, மார்க்கு வரும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். வயதுக்கு இதில் என்ன வேலை என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சக்கரபாணி விளக்கினார். ஒரு பிள்ளை எந்த வயதுக்குரிய கேள்விவரை பதில் சொல்கிறதோ அது அதன் மன வயது. அதை நிஜ வயதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். நூறு வந்தால் வயதுக்கேற்ற புத்தி. குறைந்தால் மந்தம். அந்தப் பொடிசு பூமாலைக்கு மன வயது ஒன்பது, ஆகவே எண்பத்திரண்டு என்றார்.

பஸ் போய்விட்டது. மாசிலாமணி குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டார். ஒன்பதை ஏழால் வகுத்தார். நூற்றிருபத்தெட்டுக்கு மேல் போயிற்று. மறுபடி போட்டார். அதேதான்.

மறுநாள் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டு விழுப்புரம் போனார். சக்கரபாணி பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மாசிலாமணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சக்கரபாணி கோபப்படவில்லை. பதின்மூன்று பெயரையும் கேட்டு ஒவ்வொன்றாகக் கோடு போட்டார்.

“மீதி பத்தொன்பது. இவங்க ஏன் காட்டுக்குப் போகலை?”

மாசிலாமணி அந்தப் பெயர்களைப் பார்த்தார். “ஜுரக்காரப் புள்ளைங்க. ஒண்ணு நொண்டி. ரெண்டுக்குக் காது கேக்காது. அதுங்களைக் காட்டுல சேத்துக்க மாட்டாங்க சார்.”

“அப்போ இவங்களும் உங்க சேரிக்கு மாதிரி இல்லை.” சக்கரபாணி நோட்டை மூடினார்.

தை மாசம் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடும், இன்னொரு தடவை வந்து பார்க்கக் கூடாதா என்று மாசிலாமணி கேட்டார். கட்டுரையைக் கார்த்திகைக்குள் கொடுத்தாக வேண்டும், திரும்பி வர வழியில்லை என்றார் அவர்.

“உங்க பள்ளிக்கூடத்தை நான் விட்டுடலாம். ஆனா விட்டா ஏன் விட்டேன்னு எழுதணும். பதிவேட்டுல இருக்கிற ஆள் வேற, உக்காந்திருந்த ஆள் வேறன்னு எழுதணும். உங்க இன்ஸ்பெக்டர் ஒரு பிரதி கேட்டிருக்கார். என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க.”

வெளியே ஜட்கா வந்து நின்றது. வண்டிக்காரன் ஒருமுறை கூப்பிட்டான். உண்மையை எழுதினால் பள்ளிக்கூடம் போய்விடும். பொய்யை விட்டுவைத்தால் ஆறாவது போய்விடும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று மாசிலாமணி யோசித்தார். இல்லை.

“இருக்கறபடியே இருக்கட்டும் சார்,” என்றார்.

திரும்பி வரும்போது அம்சாவின் தாய் கோவிந்தம்மாள் காட்டிலிருந்து செடிக்கட்டோடு எதிரே வந்தாள். பூமாலை பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

“எங்க அம்சா மண்டையை அளந்தாங்களாமே வாத்தியாரே. எத்தினி படி இருந்துச்சி?”

“நெறைய இருந்துது கோவிந்தம்மா.”

“இருந்து என்னா? அதுவும் நாளைக்கி இந்தக் கட்டைத்தான் தூக்கிக்கினு வரப்போவுது,” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மாசியில் இன்ஸ்பெக்டர் கடிதம் வந்தது. கட்டுரையிலிருந்து இரண்டு வரியை எடுத்துப் போட்டிருந்தார். டவுன் பிள்ளைகளின் சராசரி தொண்ணூற்றெட்டு, சேரிப் பிள்ளைகளின் சராசரி எழுபத்தொன்று. சேரிப் பிள்ளைகள் கூழ் மட்டும் குடித்து வளர்வதால் வயதுக்கேற்ற உடல் வளர்ச்சியும் இல்லை என்று ஆசிரியரே கூறுகிறார். ஆகவே ஆறாம் வகுப்புக்கு இப்போது அவசியமில்லை.

மாசிலாமணி கடிதத்தை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தார். அம்சாவை அவள் பெயரிலேயே சேர்த்துவிடலாமா என்று பேனாவை எடுத்தார். காட்டில் கேப்பை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பூமாலை இனி வரமாட்டாள். அவளைப் போல இன்னும் எட்டுப் பேர். தங்கைகளைத் தங்கைகள் பெயரிலேயே சேர்த்தால், அக்காள்மார் பெயருக்கு நேரே எழுத ஆள் கிடைக்காது; நடு வருஷத்தில் சேர்க்கிற புதுப் பெயரோ ஆனி வரைக்கும் வருகைக் கணக்கில் ஏறாது. விரலை விட்டு எண்ணினார். இருபத்துமூன்று வந்தது. இருபத்தைந்துக்கு இரண்டு குறைவு.

பேனாவை வருகைப் பக்கத்துக்கே திருப்பிக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

“பூமா—”

அவர் முடிப்பதற்குள் அம்சா எழுந்து சொல்லிவிட்டாள். அவர் குறித்துக்கொண்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.