காவலனுக்கு இருபதுக்கு மூன்று

1972 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தாம் வகுப்பு நாடகப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து ஒரு காவலன் இறங்கி, பதுளைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் நல்லையாவின் லயத்து வீட்டு வாசலில் ஈட்டியோடு வந்து நின்றான். அன்று பாண் விலை ஏறியிருந்ததால் சனங்கள் அவனைப் பற்றி இரண்டாவதாகத்தான் பேசினார்கள்.

காரணம் நல்லையாவின் மகள் ஜெயலெட்சுமி. ‘அரசனின் குணவியல்புகளை ஆராய்க’ என்று கேட்டிருந்தார் ஹாஷிம் மாஸ்டர். விடை பன்னிரண்டு வருடமாக அவருடைய குறிப்புக் கொப்பியில் இருந்தது: வீரம், ஈகை, பொறுமை. வகுப்பு முழுவதும் அதையே எழுத, ஜெயலெட்சுமி மட்டும் அரசனுக்குப் பின்னால் ஐந்து அங்கமும் நின்று ‘ஆகட்டும் அரசே’ என்று மட்டும் சொல்லும் காவலனைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினாள். அவனுடைய இடது கால் வீக்கத்தை எழுதினாள். விருந்துக் காட்சியில் சாப்பிட்டாயா என்று அவனை ஒருவரும் கேட்காததையும் எழுதினாள். மாஸ்டர் இருபதுக்கு மூன்று போட்டு, ‘கேட்டது அரசனை’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையொப்பம் வைத்தார். அந்த வாரம் கல்வி அதிகாரி வரவிருந்ததால் எல்லாக் கொப்பிகளிலும் பாடசாலை முத்திரையும் விழுந்தது.

தன்னை இவ்வளவு கவனித்தவர் யாருமில்லை என்றும், இனிப் புத்தகத்துக்குத் திரும்பப் போவதில்லை என்றும் காவலன் சொன்னான். ஜெயலெட்சுமியின் அம்மா கருப்பம்மா சோறு போட்டாள். தேயிலைத் தொழிற்சாலை வாசலில் வாச்சர் வேலை கிடைத்தது. பிறந்த ஊருக்கு அத்தாட்சி இல்லாதவன் என்பதை எவரும் குறையாக எடுக்கவில்லை. தோட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

அந்தக் காலத்தில் சனங்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்: பாட்டன்மார் வந்த நாட்டுக்குக் கப்பலேற வேண்டியவர்கள், இங்கேயே இருக்கக்கூடியவர்கள். நல்லையாவும் காவலனும் ஒரே நாளில் பிரஜாவுரிமை பதியும் கந்தோருக்குப் போனார்கள். நல்லையாவின் தகப்பனே அந்த மலையில் பிறந்தவர். அதைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. காவலனிடம் ஜெயலெட்சுமி எழுதிய கொப்பி இருந்தது. கிளாக்கர் ஒன்பது பக்கமும் படித்து, முத்திரையைத் தடவிப் பார்த்து, அவனுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தார். நல்லையாவைக் கப்பல் பட்டியலில் எழுதினார். மறுவிண்ணப்பத்துக்கு ஒரு மாதம் தவணை.

ஜெயலெட்சுமி பயந்துபோய் அப்பாவைப் பற்றி வீரம், ஈகை, பொறுமை என்று மூன்று பக்கம் எழுதினாள். மாஸ்டர் பதினேழு போட்டு வகுப்பில் வாசித்தும் காட்டினார். கந்தோரிலிருந்து அது திரும்பி வந்தது. இப்படி ஓர் ஆள் இருக்க வாய்ப்பில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

தவணைக்கு நான்கு நாள் இருந்தது.

“உள்ளத எழுதணும்ப்பா,” என்றாள் ஜெயலெட்சுமி. “நீங்க சம்பளத்தன்னிக்கு குடிக்கிறது, அம்மாவ அடிச்சது, மறுநாள் வெக்கப்பட்டு நீங்களே பீலியில தண்ணி புடிச்சு வச்சது.”

நல்லையா கொப்பியை மூடி வைத்தார். “வேணாம் தாயி. கந்தோர்ல படிப்பாங்க.”

“எழுதாட்டி நீங்க இல்லாத ஆளுப்பா. இல்லாத ஆளுங்களத்தான் கப்பல்ல ஏத்துறாங்க.”

அடுப்படியிலிருந்து கருப்பம்மா சொன்னாள்: “ரெண்டு தடவ அடிச்சாருன்னு எழுது. ஒண்ணுன்னு எழுதினா பொய்யாயிரும்.”

நல்லையா தலையைக் குனிந்து, “மூணு,” என்றார்.

பதினோரு பக்கம் வந்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, “என்ன புள்ள இது, ஒரு நல்ல கொணமும் இல்லயே?” என்றார். “ஏழாம் பக்கத்துல இருக்கு சேர், தண்ணி புடிச்ச எடத்துல,” என்றாள் ஜெயலெட்சுமி. அவர் ஏழாம் பக்கத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, கொள்கையை விடாமல் ஆறு புள்ளி மட்டும் போட்டு, முத்திரைக்குத் தானே பாடசாலை அதிபரிடம் போனார். அந்த வாரமே நல்லையாவின் பெயர் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டது.

அதன் பிறகு இரண்டு வருடத்தில் ஜெயலெட்சுமி நூற்றுப் பதினாறு பேரை எழுதினாள். ஏழுக்கு மேல் வாங்கியவர் எவரும் இல்லை, எல்லாரும் இருந்தார்கள். தன்னைப் புகழ்ந்துதான் எழுத வேண்டும் என்று அடம்பிடித்த கங்காணி பத்தொன்பது வாங்கிக் கப்பலேறினார்.

பதினெட்டு வயதானதும் அவளும் விண்ணப்பித்தாள். அவளைப் பற்றி எழுத யாரும் இல்லாததால் வெறுங்கையோடு போனாள். கிளாக்கர் விண்ணப்பத்தின் கையெழுத்தைப் பார்த்தார். இத்தனை பேரை எழுதிய ஒருத்தி எப்படியும் இருந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய்தார். அதே வருடம் பொதுச் சோதனையில் இலக்கியப் பாடத்தில் அவள் சித்தியடையவில்லை. அதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை.