மேடை உயரம்

"சரி, இந்தத் தடவை நீங்க எப்படிச் சாகுறீங்க?" என்று படிப்பலகை மேல் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள் மனைவி.

அவர் காப்பியை வைத்துவிட்டு யோசித்தார். "மாரடைப்பு."

"போன தடவையும் அதேதானே? கொஞ்சம் மாத்துங்க. கேக்குறவங்களுக்குச் சலிச்சுப் போகும்."

அளவு நாடாவோடு மேசையில் உட்கார்ந்திருந்த அவள் தம்பிக்குப் புரையேறியது. அவன் தச்சன். சமையலறையை மாற்றிக் கட்டும் வேலையைப் பேசி முடிக்க அன்று காலையிலேயே வந்திருந்தான். அக்காவீட்டு வேலை என்றால் கூலி கிடையாது, சாப்பாடு உண்டு, அத்தானின் அறிவுரையும் உண்டு. மூன்றாவதைத்தான் அவனால் தாங்க முடியாது.

அத்தானுக்குத் தொழிலே அதுதான். குளிர்பதனக் கிடங்குகள் கட்டும் நிறுவனத்தில் அவர் திட்ட மேலாளர். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டிக் கதவைச் சாத்துவார். "வருஷம் ஓடிப்போச்சு. இந்த பிராஜெக்ட் செத்துப்போச்சு. நாம எல்லாரும் துக்கத்துக்கு வந்திருக்கோம். எதனால செத்துச்சு, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்பார். தப்பு ஏதாவது நடக்குமா என்று கேட்டால் மேலதிகாரி முன்னால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. செத்தாயிற்று என்று சொல்லிவிட்டால் போதும், மின்பணியாளர் முதல் கணக்காளர் வரை காரணங்களைக் கொட்டித் தீர்த்துவிடுவார்கள். பிரேதப் பரிசோதனை என்பது செத்த பிறகு செய்வது. இது சாவதற்கு முன்பே செய்வது, அதனால் முன்மரண ஆய்வு. இந்தப் பெருமையை அவர் கல்யாண வீடுகளில்கூட விளக்கியிருக்கிறார். அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கருநாக்கு. மனைவி அதில் மரியாதையைச் சேர்த்துக் கருநாக்கார் என்பாள்.

வீட்டிலும் அவர் சும்மா இருந்ததில்லை. வெளியூர்ப் பயணமோ, புது ஃபிரிட்ஜோ, எதற்கும் ஆய்வு உண்டு. வீட்டு ஆய்வுகள் எல்லாவற்றிலும் முதலில் சாவது அவர்தான். அது அவருடைய பெருந்தன்மை. அதனால்தான் மனைவிக்கு ஃபியூஸ் மாற்றக் கற்றுக்கொடுத்தார், தண்ணீர்க் குழாயை எங்கே அடைப்பது என்று காட்டினார், காப்பீட்டுக் காகிதம் எந்த அலமாரியில் என்று ஒப்பிக்கச் சொன்னார். சலவை இயந்திரத்தில் எந்தப் பொத்தான் எதற்கு என்று அவளிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் சாவதாக ஓர் ஆய்வுகூட அவர் செய்ததில்லை. மறந்துபோனார் என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் உட்கார்ந்து காரணம் சொல்ல அவள் வேண்டுமே, அவளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

அன்றைய பிரச்சினை மேடையின் உயரம். அந்த வீட்டுச் சமையல் மேடை அவளுக்கு எப்போதுமே எட்டாத உயரம். முன்னால் இருந்தவர்கள் ஒட்டகம் வளர்த்திருப்பார்கள் என்பாள். தம்பி அடித்துக் கொடுத்த படிப்பலகை மேல் நின்றுதான் இத்தனை வருடமாகச் சமைத்தாள். வீட்டின் அபாயங்களில் முதலாவது அந்தப் படிப்பலகை என்று அவர் எப்போதோ அறிவித்திருந்தார். அதில் தடுக்கி விழுந்தது அவர் மட்டும்தான்.

"ரொம்பத் தாழ்வா வச்சா நான் சமைக்கும்போது இடுப்பு ஒடிஞ்சிரும்" என்றார்.

"நீங்க சமைக்கும்போதா? நீங்கதான் மாரடைப்புல போய்ச் சேர்ந்தாச்சே! செத்தவருக்கு எதுக்கு இடுப்பு?"

தச்சன் மேசையில் அடித்துச் சிரித்தான். பிறகு, "இறங்கு அக்கா. கையை மடக்கி நில்லு" என்றான். அவள் படிப்பலகையிலிருந்து இறங்கி, கத்தியும் கையுமாக நேராக நின்றாள். அவன் தரையிலிருந்து முழங்கைவரை அளந்தான். கருநாக்கார் தோற்றுப்போனார். அவள் கை கழுவிக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் பள்ளிக்கூடம் கிளம்பினாள். புவியியல் ஆசிரியை அவள். மதியம் ஆசிரியர் அறையில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். முன்கூட்டியே தெரிந்திருக்குமா என்று அவர் கேட்டார். தெரிந்திருக்காது என்றார் மருத்துவர். அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். அதே பதில் வந்தது. இன்னொரு மாதிரியும் கேட்டார். மருத்துவர் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

வேலைக்குத் திரும்பியபோது புதுக் கிடங்கு ஒன்றுக்கு ஆய்வுக் கூட்டம் காத்திருந்தது. கதவைச் சாத்தினார். "வருஷம் ஓடிப்போச்சு. இந்த பிராஜெக்ட்..." என்று தொடங்கினார். எல்லோரும் காத்திருந்தார்கள். "இந்த பிராஜெக்டுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்று முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. மின்பணியாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட அவர்கள் சிரித்தே இருக்கலாம்.

அதற்கடுத்த விடுமுறை நாளில் மச்சான் வண்டியில் மரத்தோடு வந்து இறங்கினான். எல்லாவற்றையும் ஹாலில் சாய்த்து வைத்தான்.

"அத்தான், மரமெல்லாம் அன்னைக்கே அறுத்துட்டேன். அக்கா உயரத்துக்கு."

"வேண்டாம் மச்சான். எதையும் தொட வேண்டாம். இருக்கிறபடி இருக்கட்டும்."

"அப்ப இதை என்ன பண்ண? வேற யார் வீட்டுக்காவது கொடுக்கவா?"

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் கண்ணும் சரியாக இல்லை.

"உட்காருங்க. வருஷம் ஓடிப்போச்சு."

"வேண்டாம்டா."

"இந்த வேலை செத்துப்போச்சு அத்தான். ஏன் செத்துச்சு? சொல்லுங்க."

அந்த வார்த்தை கூடத்தில் விழுந்தது. கூரை ஒன்றும் இடிந்துவிடவில்லை. பழக்கதோஷம், அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கட்டவே இல்ல, அதனால."

"அப்புறம்?"

"மரம் இங்கேயே நின்னுச்சு. நான் தினமும் அதைச் சுத்தி நடந்தேன். நீ வரும்போதெல்லாம் அதைப் பார்த்த. கொஞ்ச நாள்ல நீ வர்றதை நிறுத்திட்ட."

மச்சான் அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். "நிறுத்தியிருப்பேன்" என்றான். "உங்களைப் பார்க்க எனக்குன்னு தனியா ஒரு காரணம் இருந்ததில்ல. அக்கா வீடுன்னுதான் வருவேன்."

"தெரியும். அதான் சொன்னேன்."

"சரி, கட்டுறோம்னு வைங்க. எந்த உயரம்? உங்களுக்கு ஏத்த மாதிரின்னா வேற மரம் வாங்கணும்."

"நீ அறுத்ததையே வை."

"நறுக்கி முடிக்கிறதுக்குள்ள இடுப்பு போயிரும்."

"செத்தவருக்கு எதுக்கு இடுப்பு?"

மச்சான் நிமிர்ந்து பார்த்தான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. நடுவில் மச்சான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

வேலை முடிய மழைக்காலம் வந்துவிட்டது. மச்சான் தினமும் வந்தான், திட்டு வாங்கினான், திட்டினான், சாப்பிட்டான். சாப்பாட்டில் உப்பு கூடக்குறையத்தான் இருந்தது. கடைசி நாள் கருவிகளைப் பையில் போட்டுவிட்டுப் படிப்பலகையைக் கையில் எடுத்தான். மேடை தாழ்ந்துவிட்டது, இனி அதற்கு வேலையில்லை.

"இதை எடுத்துட்டுப் போகவா அத்தான்?"

"எங்க கொண்டு போவ?"

அவன் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

இப்போது அவர் முதுகை வளைத்து, ஏதோ கீழே தொலைத்ததைத் தேடுகிறவர் மாதிரி வெங்காயம் நறுக்குகிறார். இடுப்பு, அவர் அன்றைக்குச் சொன்னபடியே வலிக்கிறது. இவ்வளவு துல்லியமாக எந்த ஆய்வும் பலித்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள விடுமுறை நாளில் மச்சான் வருகிறான். அவனும் சலிக்காமல் கேட்கிறான்.

படிப்பலகை சிங்க்குக்கு இடது பக்கம் கிடக்கிறது. அவர் மட்டும் அதில் தடுக்கி விழுகிறார்.