அண்ணிக்காக எழுதிய முதல் வரி

என் நாத்தனார் என்னோடு பேசுவதில்லை என்று சொன்னால் அது பொய். பேசுவாள், என் கணவர் வழியாக.

"அண்ணா, அந்த உப்பைத் தரச் சொல்லேன்."

உப்பு என் முழங்கையருகே இருக்கும். அவள் எனக்கு நேர் எதிரே இருப்பாள். நடுவில் இருப்பவர் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு, "உப்பு கேக்கறா" என்பார். "எடுத்துக்கச் சொல்லுங்க" என்பேன் நான். "எடுத்துக்கணுமாம்" என்பார் அவர். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் உப்பு இப்படித்தான் இரண்டடி தூரத்தைக் கடக்கிறது.

காரணம் ஒரு அட்டைப்பெட்டி. கல்யாணமான இரண்டாவது மாதம், சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தார்கள். இடம் வேண்டுமே என்று அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கிக் குப்பை வண்டியில் போட்டேன். உள்ளே பதினொரு நோட்டுகள். பிறக்கும் குழந்தைகளின் எடையைப் பற்றிய ஆய்வுக்காக அவள் இரண்டு வருடம் வார்டு வார்டாகப் போய்க் கையால் எழுதியவை. அவள் அழவில்லை, கத்தவில்லை. மறுநாள் அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தாள்.

என் உத்தியோகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரியில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்பவள். பிரதி எடுத்து வைக்காமல் ஒரு வரியைக்கூட அழிக்காதவள். அந்தப் பெட்டிக்குப் பிறகு இன்னும் மோசமாகிவிட்டேன். மேசையில் கிடக்கும் கசங்கிய காகிதத்தைக்கூட "இது யாரோடது? வேணுமா?" என்று மூன்று பேரிடம் கேட்காமல் எடுப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் எனக்கு 'கேட்டுக்கறேன் மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த நான் அப்படி. என் நாத்தனாருக்குத் தெரிந்தவள் வேறு ஆள்.

நாங்கள் 'சின்னவள்' என்று கூப்பிடும் அவளும் அதே ஆஸ்பத்திரிதான். மூன்றாம் மாடியில் பதிவேட்டுப் பிரிவு. நான் அடித்தளத்தில். லிஃப்டில் சந்தித்தால் இருவரும் மாடி எண்களைப் படிப்போம்.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு கவுன்ட்டர்கள் ஒன்பதும் உறைந்துபோயின. மருந்துக் கிடங்கில் யாரோ, 'ஐந்து வருடத்தில் எந்த மருந்து எந்த நாளில் எத்தனை போயிற்று' என்ற ராட்சசக் கேள்வியை சர்வரிடம் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். சர்வர் அதற்கு விடை தேடிக்கொண்டிருக்க, வரிசையில் நின்றவர்களின் இருமல் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

நிர்வாக அதிகாரி இறங்கி வந்தார். எந்த உத்தரவையும் ஒரே சொல்லில் தொடங்குவதால் அவருக்கு 'உடனே சார்' என்று பெயர்.

"உடனே ஒரு விதி போடுங்க. எவனும் பத்து நிமிஷத்துக்கு மேல சர்வரைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது. பத்து தாண்டினா வெட்டிடணும்."

போட்டேன். ஓடிக்கொண்டிருந்த கேள்வியைக் கையால் நிறுத்தினேன். பிறகு புதிய ஜன்னல் ஒன்றைத் திறந்து, வேண்டுமென்றே நீளமான கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். சரியாகப் பத்தாவது நிமிடம் வெட்டியது. "முடிஞ்சது சார்" என்று போனில் சொல்லிவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கவுன்ட்டர்கள் மறுபடி உறைந்தன. அதே மருந்துக் கிடங்கு, அதே கேள்வி. மறுபடி கையால் நிறுத்தினேன்.

"முடிஞ்சதுன்னீங்களே?"

"எனக்கு வேலை செஞ்சது சார்."

"உங்களுக்கு வேலை செஞ்சு என்ன பிரயோஜனம்? உடனே அவங்களுக்கு வேலை செய்யணும்!"

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் செய்யக்கூடிய அசட்டுத்தனம் இது. நான் போட்ட விதி வாசலில் ஒட்டிய அறிவிப்பு மாதிரி. உள்ளே நுழைகிறவர்கள்தான் அதைப் படிப்பார்கள். சோதிப்பதற்காக நான் புதிதாக நுழைந்தேன், படித்தேன், கீழ்ப்படிந்தேன். மருந்துக் கிடங்குக்காரரோ காலையிலேயே, விதிக்கு முன்பே உள்ளே வந்தவர். ஒருவர் சர்வரோடு இணைந்ததிலிருந்து விலகும்வரை நடக்கும் அந்த ஒரு நீண்ட உரையாடலுக்கு செஷன் என்று பெயர். நுழையும்போது எந்த விதி இருந்ததோ அதோடுதான் செஷன் காலம் தள்ளும். அவரை வெளியே தள்ளி மறுபடி வரவைக்கலாம். ஆனால் உள்ளே இன்னும் நூற்று நாற்பது பேர். எல்லோரையும் தள்ளினால், பாதி நிரப்பிய படிவங்களெல்லாம் போய்விடும்.

இதற்கு வேறு வழி உண்டு. விதியை சர்வரின் மூல அமைப்பிலேயே எழுதிவிட்டு, 'மறுபடி படியுங்கள்' என்று எல்லா செஷன்களுக்கும் ஒரு சைகை கொடுக்கலாம். யாரும் வெளியேற வேண்டாம். கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சைகை யாரையும் தொடாது. ஒரு கேள்வி முடிந்து அடுத்தது தொடங்கும் முன், மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில், ஒவ்வொரு செஷனும் புது விதியை எடுத்துக்கொள்ளும். நான் இந்தத் தொழிலில் மிகவும் விரும்பும் விஷயம் இதுதான். இவ்வளவு மரியாதை மனிதர்களுக்குள் கிடையாது.

"நாலு மணிக்கு சாயங்கால நோயாளிகள் வருவாங்க. அதுக்குள்ள" என்றார் உடனே சார்.

சைகை கொடுக்கும் முன் வழக்கம்போல யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலும் இன்று காலை வந்தவர்கள். ஒன்று மட்டும் ஆறு நாளாக உள்ளே இருந்தது. பெயரைப் பார்த்தேன். சின்னவள்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று. வீட்டில் அண்ணாவிடம் சொல்வது போல எனக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தாள். தொலைந்த நோட்டுகளுக்குப் பதிலாக, ஆஸ்பத்திரியின் பதினொரு வருடப் பதிவுகளிலிருந்து தாய்களையும் குழந்தைகளையும் பொருத்துகிறாள். மாதத்துக்கு ஒரு கேள்வி, நூற்று முப்பத்திரண்டு மாதம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். நாளை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வைச் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் இன்னொரு வருடம்.

நான் சைகை கொடுத்தால், அவளுடைய அடுத்த மாதம் பத்தாவது நிமிடத்தில் வெட்டுப்படும். எல்லாம் ஒரே சங்கிலியாக ஓடுவதால் ஆறு நாள் வேலையும் அதோடு போகும். மறுபடி நான். மறுபடி அவளுடைய குழந்தைகள்.

தப்ப ஒரே வழி இருந்தது. ஒரு செஷன், 'எனக்கு நேர வரம்பு வேண்டாம்' என்று தன் வாயாலேயே முன்பே சொல்லியிருந்தால், என் சைகை அதை ஒன்றும் செய்யாது. சர்வர் அந்தப் பிடிவாதத்தை மதிக்கும். சின்னவள் அப்படிச் சொல்லியிருக்கிறாளா? எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் தேடினேன். அவள் பெயருக்கு விலக்கு எழுதிப் பார்த்தேன். அதுவும் வாசல் அறிவிப்புத்தான், அடுத்த முறை நுழைந்தால்தான் பலிக்கும். ஒரு செஷன் எப்போது வந்தது, என்ன கேட்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கலாம். தனக்குள் என்ன தீர்மானித்து வைத்திருக்கிறது என்று பார்க்க முடியாது. அதையே கேட்டால்தான் உண்டு.

கேட்டுக்கறேன் மேடம், கேட்கப் பயந்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன பயம் என்று எனக்குள்ளேயே துழாவிப் பார்த்தேன். திட்டுவாள் என்பதல்ல. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வரும் அந்தப் பூட்டு வாங்கிய பார்வை. நான் மாறிவிட்டேன் என்று ஊரெல்லாம் அத்தாட்சி கொடுத்தாலும் அந்த ஒரு முகம் கொடுக்காது. அதை நேரே போய்ப் பார்ப்பானேன்?

ஆகவே கணவருக்குப் போன் போட்டேன்.

"உங்க தங்கச்சிகிட்ட ஒண்ணு கேக்கணும். செஷன்ல ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை அவளே அணைச்சு வெச்சிருக்காளா, இல்ல சர்வரோட பொது அமைப்பையே எடுத்துக்கறாளான்னு."

"இங்க பாரு" என்றார். "உப்பு, துண்டு, வாசல் சாவி, இதெல்லாம் சுமப்பேன். இது என் தகுதிக்கு மேல. படி ஏறிப் போய் நீயே கேளு."

"உங்களுக்கு என்ன, ஒரு வாக்கியம்தானே?"

"அவ பதில் சொல்லுவாளே, அது எந்த பாஷைல இருக்கும்? எனக்கு மீட்டிங் இருக்கு, தாயே!"

மணி இரண்டே கால். லிஃப்டுக்குக் காத்திருந்தால் மனம் மாறிவிடும் என்று படியேறினேன்.

சின்னவள் திரையைப் பார்த்தபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

"அண்ணாவுக்கு ஏதாவது?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. உன்கிட்டதான்." மூச்சு வாங்கியது. படிதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். "நாலு மணிக்குள்ள ஒரு விதி மாத்தணும். பத்து நிமிஷத்துக்கு மேல ஓடற எல்லாத்தையும் வெட்டும். உன்னோடதும் வெட்டுப்படலாம். நீ சொல்லாம தொட மாட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்தத் தடவை சொல்லிட்டுத் தூக்கிப் போடறீங்களா, அண்ணி?"

மூன்று வருடத்தில் அவள் நேராக என்னிடம் சொன்ன முதல் நீளமான வாக்கியம். வலித்தது. கூடவே, அசட்டுத்தனமாக, சந்தோஷமாகவும் இருந்தது.

"கேட்டுட்டு" என்றேன். "சொல்லிட்டு இல்ல. நீ வேண்டாம்னா, மேல போய் நாளைக்குக் காலைலதான் முடியும்னு சொல்லிடுவேன். உடனே சார் குதிப்பார். குதிக்கட்டும், உடம்புக்கு நல்லது."

அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அடக்கிக்கொண்டாள்.

"டைம்அவுட்டை அணைச்சிருக்கேனான்னு கேக்கறீங்க, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அவள் திரையைத் திருப்பாமல், காது மட்டும் சிவந்து, "என் ப்ரோக்ராம்ல முதல் வரியே அதுதான்" என்றாள்.

"காட்டேன்."

"வேண்டாம், அண்ணி. நம்புங்க."

"நம்பறேன். ஆனா எழுத்துப் பிழை இருந்தா? ஒரு தடவை பாத்துக்கறேனே."

வேறு வழியில்லாமல் நிரலைத் திறந்தாள். முதல் வரி நேர வரம்பை அணைத்தது, பிழையின்றி. அதற்கு மேலே, இது எதற்கு என்று தனக்கே நினைவூட்டும் குறிப்பாக எழுதியிருந்தாள்: 'அண்ணி கீழே எதையாவது மாற்றினாலும் இதைத் தொடக் கூடாது.'

இருவரும் அதைப் படித்தோம்.

முதலில் எனக்குக் காதெல்லாம் சூடேறியது. அப்புறம் வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது, பார்த்தால் சிரிப்பு. அடக்க அடக்க மூக்கு வழியாக வெளியேறியது. அவள் பயந்து போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரி முழுக்க உனக்கு மட்டும்தான்டி இது தோணியிருக்கு" என்றேன் கண்ணைத் துடைத்தபடி. "மருந்துக் கிடங்குக்காரருக்குக்கூட என்னைப் பத்தி இவ்வளவு தெரியாது."

"அவர் பெட்டியை நீங்க தூக்கிப் போடலியே" என்றாள் அவளும், சிரிப்பை இழுத்துப் பிடித்தபடி. சட்டென்று முகம் மாறியது. "ஐயோ. அண்ணி, வியாழக்கிழமை முதல்ல ஓட்டினப்போ இந்த வரி இல்ல. அப்புறம்தான் சேர்த்தேன். ஓடிட்டிருக்கறது சேர்க்கறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சதா, பின்னாடியா?"

இருவருக்கும் சிரிப்பு நின்றுபோனது.

"நிரலைக் கடைசியா எப்போ திருத்தினே? நேரம் இருக்குமே."

பார்த்தாள். "வியாழன், பதினொண்ணு பன்னிரண்டு. அதுக்கப்புறம் தொடல. செஷன் எப்போ ஆரம்பிச்சதுன்னு எனக்கு இங்க தெரியாதே."

"எனக்குத் தெரியும்." அவள் மேசைப் போனில் அடித்தளத்துக்குப் பேசி, என் உதவியாளரிடம் பட்டியலைப் படிக்கச் சொன்னேன். அவன் சாவகாசமாகத் தேடினான். சின்னவள் என் கையைப் பிடித்திருந்தாள், அவளுக்கே தெரியாமல்.

"வியாழன், பதினொண்ணு பத்தொன்பது, மேடம்."

அந்த வரியைச் சேர்த்து ஏழு நிமிடம் கழித்து. அவளுடைய பாதியும் என்னுடைய பாதியும் சேர்ந்தால்தான் அந்த ஏழு நிமிடம் வந்தது.

"போடுங்க" என்றாள் சின்னவள்.

"நிச்சயமா? காலை வரைக்கும் தள்ளிப் போடலாம்."

"போடுங்க, அண்ணி. நாளைக்கு வரைக்கும் தள்ளிட்டு உடனே சார் உங்களை வெட்டிட்டா, அப்புறம் என் செஷனை யார் பாத்துக்கறது?"

கீழே இறங்கிப் போய்ச் சைகை கொடுத்துவிட்டு மறுபடி மேலே வந்தேன். அங்கிருந்தே பார்த்திருக்கலாம். வந்தேன்.

அவளுடைய நூற்றுப் பத்தொன்பதாவது மாதம் மூன்று இருபதுக்கு முடிந்தது. நூற்று இருபதாவது தொடங்கியது. மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில் என் விதி அவள் செஷனின் கதவைத் தட்டியிருக்கும். என்ன பதில் கிடைத்தது என்று பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும்.

பிஸ்கட் பொட்டலம் எங்கள் நடுவில் இருந்தது. மூன்றாவது நிமிடத்தில், "அந்த நோட்டுகள்ல என்ன இருந்தது?" என்று கேட்டேன். மூன்று வருடத்தில் மன்னிப்பு பல முறை கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை. அவள் சொன்னாள். எந்த வார்டில் எந்த அம்மா, பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்லி இவளைப் படுத்தியது. இரட்டையரில் பெரியவன் யார் என்று நர்சுகள் சண்டை போட்டது. "எண்ணெல்லாம் இங்கயே கிடைச்சிடுச்சு. இதெல்லாம் பதிவேட்டுல இல்ல." நான் குறுக்கே பேசவில்லை.

மூன்று முப்பது. சரியாக அந்த நேரத்தில் கீழே மருந்துக் கிடங்கு புதிதாகத் தொடங்கிய கேள்வி வெட்டுப்பட்டதாக உதவியாளன் போன் செய்தான். "அவர் கத்தறார், மேடம்." "கத்தட்டும்" என்று வைத்துவிட்டேன். சின்னவளின் திரையில் நூற்று இருபது அசையாமல் ஓடியது.

மூன்று முப்பத்தொன்று.

மூன்று முப்பத்தைந்து. "போதும், மூச்சை விடுங்க, அண்ணி" என்றாள்.

எழுந்தபோது கேட்டேன்: "வேலை முடிஞ்சதும் அந்த முதல் வரியை எடுத்துடுவியா?"

"நீங்க சொல்லுங்க. எடுக்கவா?"

யோசித்தேன். "இருக்கட்டும். நல்ல வரி. நான் மாறினாலும் என் இடத்துக்கு நாளைக்கு வேற ஒருத்தி வருவா."

மறுநாள் நாலே முக்காலுக்குச் சமர்ப்பித்தாள். அன்று சாப்பாட்டு மேசையில், "அண்ணி, உப்பு" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் நடுவே வாயைத் திறந்த என் கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ எனக்கு வேலை போச்சா?"

"உங்களை யாரும் வெட்டலை" என்றேன். "சாப்பிடுங்க."

அலமாரிப் பூட்டு இன்னும் அப்படியே தொங்குகிறது. சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சின்னவள் ஒரு புது நோட்டோடு வந்து அதை அலமாரிக்கு மேலே, பூட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, "இது என்னோடது, வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.