ரிவர்ஸ் சார்

அந்தக் காருக்கு மச்சினன் வைத்த பெயர் தையல் மிஷின். சத்தம் அப்படித்தான், வேகமும் ஏறக்குறைய அப்படித்தான். மேம்பாலம் வந்தால் கண்ணாடிக்காரர் ஏசியை அணைப்பார். லாரியை முந்த வேண்டுமென்றால், முந்துகிற எண்ணத்தையே அணைத்துவிடுவார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் அவர். வீட்டுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றே ஒன்றுதான் அவரிடம் இருந்தது. கடைக்குக் கீழே நிலத்தடி பார்க்கிங். மழை பெய்தால் அதன் சரிவில் கார் ஏறாது, முன்சக்கரம் வழுக்கும். ஆகவே வண்டியைத் திருப்பிப் போட்டு ரிவர்ஸில் ஏற்றுவார். ரிவர்ஸ் கியருக்கு இழுவை அதிகம், பாரமும் முன்சக்கரத்தின் மேல் இறங்கும். வாட்ச்மேன் விறைப்பாக நின்று, "ரிவர்ஸ் சார் வர்றாரு, வழி விடுங்க!" என்று கூவுவார். இதை மனைவியிடம் சொன்னால் மச்சினனுக்குப் போகும். மச்சினனுக்குப் போனால் ஊருக்கே போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்ட நேரத்தில் மச்சினன் வந்தான்.

"மாமா, இதுக்கு பெட்ரோல் டம்ளர்ல ஊத்துவீங்களா, ஸ்பூன்லயா?" என்று கேட்டபடியே பெட்ரோல் மூடியைத் திறந்தான்.

உள்ளே குளவிக்கூடு. கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று, கொட்டிவிட்டன. போன வாரமே அந்தக் கூட்டைப் பார்த்து, நாளைக்குக் கலைத்துக்கொள்ளலாம் என்று மெதுவாக மூடிவைத்தவர் கண்ணாடிக்காரர்தான்.

ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கியது. பத்தாவது நிமிடம் மூச்சில் விசில் கேட்டது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரியோ மேட்டு உச்சியில், காரில் போனால் பத்து நிமிடம். நூற்றுப்பத்து கிலோ மச்சினனைப் பின்சீட்டில் திணித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மேட்டில் பாதிகூட ஏறவில்லை, வண்டி முனகத் தொடங்கியது.

"ஏசிய அணைங்க!" என்றாள் மனைவி.

"வீட்லயே அணைச்சுட்டேன்!"

ஈரச் சாலையில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. ரப்பர் கருகும் வாடை. இன்ஜின் குலுங்கி அணைந்தது. கார் பின்னால் சறுக்க, அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். மறுபடி முயன்றார். மறுபடி சறுக்கல்.

"அக்கா..." என்றது பின்சீட்டுக் குரல். அதற்குப் பிறகு விசில் மட்டும்தான்.

"நீ எறங்கு," என்றார் மனைவியிடம்.

"தம்பிய விட்டுட்டா?"

"மேல ஓடு. குளவி கொட்டி மூச்சு அடைக்குதுன்னு சொல்லி ஆளக் கூட்டிட்டு வா. நான் எப்படியாவது கொண்டாந்துடுறேன். போ!"

கல்யாணமாகி அவர் அவளை அதட்டியது அதுதான் முதல் தடவை. அவள் அப்படியே கேட்டதும் அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அவர் காரைப் பின்னாலேயே உருளவிட்டு அடிவாரத்துக்கு இறக்கினார். அங்கே வேறெந்தக் காரும் திரும்ப முடியாத ஒரு சந்தில் தையல் மிஷின் திரும்பியது. ரிவர்ஸ் கியரைப் போட்டுக் கழுத்தைத் திருப்பினார்.

அப்போதுதான் உறைத்தது. பார்க்கிங்கில் திரும்பிப் பார்த்தால் வாட்ச்மேன் தெரிவார். இன்று தெரிந்தது மச்சினனின் முகம். கண்கள் இரண்டு கோடுகளாகிவிட்ட, ஊதிப்போன, நீலம் பாரித்த முகம். மேடு முழுக்க இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஏற வேண்டும்.

இன்ஜின் ஊளையில் விசில் கேட்கவில்லை. மூச்சு இருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. சட்டையின் இரண்டாவது பொத்தானைக் குறிவைத்தார். ஏறியது. இறங்கியது. சாலை, பொத்தான், சாலை, பொத்தான்.

வளைவில் பொத்தான் நின்றுவிட்டது.

"மாப்ள! டேய்! தையல் மிஷின்னு சொல்லுடா! என்னத் திட்டுடா!"

அசையவில்லை. அவர் கால் மட்டும் ஆக்ஸிலேட்டரை விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

பொத்தான் ஒரு நூலளவு எழும்பியது.

உச்சியில் மனைவி இரண்டு நர்சுகளோடு நின்றிருந்தாள். கதவு திறந்த வேகத்தில், பின்சீட்டிலேயே தொடையில் ஊசி இறங்கியது.

இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. மச்சினன் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினான்.

"மாமா, வழியெல்லாம் அழுதுட்டே வந்தீங்க."

"ரிவர்ஸ்ல ஏறுனா அப்படித்தான். கண்ணுல காத்தடிக்கும்."

"ஜன்னலெல்லாம் ஏத்தித்தான் இருந்துச்சு, மாமா."

அவர் இரண்டாவது பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.