புகார்க்காரிக்கு ஒரு வேலை

மலையாள எல்லைக்குள் இருக்கும் எலப்புள்ளியில் அனுப்பிரியா குடியிருக்கும் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டு மிக்ஸி மக்கர் செய்தாலும், யார் வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும், கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது அனுப்பிரியாதான். போனை அவள் கையில் கொடுத்துவிட்டுச் அந்த வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய மனைவி என்று சொல்லிப் பேசுவாள். ஆள் வயதானவர் என்றால் மகளாகிவிடுவாள். அதைச் சொல்லியே அவள் புருஷன் மணிகண்டன் அவளைக் கிண்டல் செய்து தீர்ப்பான்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் கஸ்டமர் கேரில் வேலை பார்க்க ஆசை வந்தது. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை. காலையில் டிபன் டப்பாவும் கையுமாக பஸ் ஏறுகிற பெண்களைப் பார்த்தால் வயிறெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் படித்த பி.காம். பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. கஞ்சிக்கோட்டில் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்றதும், யாரையும் கேட்காமல் விண்ணப்பித்துவிட்டாள். இது கிடைக்காவிட்டால் இனி எதற்கும் போவதில்லை என்றும் முடிவு கட்டியிருந்தாள்.

ஒரே ஒரு சங்கடம். அந்தக் கம்பெனிக்குத்தான் போன வாரம் எதிர்வீட்டு நஞ்சப்பனின் மனைவியாகப் பேசி, கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டிருந்தாள். ஆயிரம் பேர் பேசுகிற இடத்தில் ஒரு குரலை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மணிகண்டனின் அக்கா சித்ரா கோயம்புத்தூரில் இதே தொழிலில் இருப்பவள். முந்தின நாள் போனில் பாடம் எடுத்தாள். "மெதுவாப் பேசு அம்மிணி. மூஞ்சி சிரிச்சுட்டு இருந்தா அது கொரல்லயே தெரியும். கஸ்டமர் கத்துனா குறுக்க பேசாத, மொதல்ல மன்னிப்புக் கேளு. அப்பறம், உன்ர வாயை ஊட்டுலயே பூட்டி வெச்சுட்டுப் போ."

இன்டர்வியூ செய்தது ஸ்ரீலேகா. கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரி, கண்ணாடி போட்ட, அலட்டல் இல்லாத பெண்மணி. தன்னைக் கோபக்காரக் கஸ்டமராக வைத்துப் பேசிக் காட்டச் சொன்னாள். அனுப்பிரியா பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, சித்ரா சொன்னபடியே மன்னிப்புக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள். வேறென்ன சொல்வது என்று தெரியாமல் இன்னொரு தடவையும் கேட்டாள்.

"போறும்" என்றாள் ஸ்ரீலேகா. "இப்படிக் கேட்டுண்டே இருந்தா கஸ்டமருக்குக் கோபம் ஜாஸ்திதான் ஆகும். சரி, மாத்திப் பார்ப்போம். இப்போ நீங்க கஸ்டமர், நான் ஏஜெண்ட். வணக்கம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்."

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. வீட்டில் பூட்டிவிட்டு வந்த வாய் எப்படித்தான் கஞ்சிக்கோடு வந்து சேர்ந்ததோ.

"முக்கியமுன்னா ஆளை அனுப்புங்க. நீங்க சாரி சொன்னா அது வந்து துணி தொவைக்குங்களா?"

ஸ்ரீலேகாவின் பேனா நின்றுவிட்டது. "இதை நான் கேட்டிருக்கேன். ரெக்கார்டிங் கேக்கறதுதான் என் வேலையாக்கும். நீங்க எலப்புள்ளி நஞ்சப்பன் ஆத்துக்காரிதானே?"

விண்ணப்பத்தில் கணவர் பெயர் மணிகண்டன் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. போனில் சரளமாக வந்த பொய் முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்றது.

"இல்லீங்க மேடம். அவரு எங்க எதுத்த ஊட்டு மாமாங்க. அத்தைக்குப் போனுன்னாலே பயமுங்க. அதான் அவிய பேருல நான் பேசுனனுங்க."

"அப்போ அதே தெரு வேலுச்சாமி பொண்ணுன்னு ஒருத்தி பேசினாளே?"

"அதும் நாந்தானுங்க."

காரியம் கெட்டது என்று அனுப்பிரியா பையை எடுத்துக்கொண்டாள். ஸ்ரீலேகா திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் பார்த்தாள்.

"உட்காருங்கோ. நஞ்சப்பன் கம்ப்ளெயின்ட் இன்னும் தீரலை. நாளைக்குக் காலம்பற பத்து மணிக்குள்ள டெக்னீஷியன் போவார். அதை அவர்கிட்ட நீங்களே சொல்லுங்கோ, கம்பெனி ஆளா. நான் கேட்டுண்டிருக்கேன்."

ஸ்பீக்கரில் மணியடித்தது. நஞ்சப்பன் எடுத்தார். பயத்தில் மெலிந்து போன அனுப்பிரியாவின் குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கம்பெனி என்றதும் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்குதுங்களா? மிசினுக்குள்ள தண்ணி அப்படியே நிக்குதுங்க. எம்பொண்டாட்டிக்கு மணிக்கட்டு வலிங்க, ஒரு பெட்சீட்டைப் புழிய முடியறதில்லீங்க. ராத்திரியெல்லாம் கையைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறா."

அனுப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. அவருக்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறாள், இதை அவள் கேட்டதே இல்லை. போனை வாங்கியதும் கத்தத் தொடங்கிவிடுவாள், அவர்களைப் பேச விட்டால்தானே. இப்போது குறுக்கே பேசாமல் கேட்டாள். சித்ரா சொன்னதற்காக அல்ல, கேட்க வேண்டும் போலிருந்தது.

"எங்க தெருவுல ஒரு புள்ள இருக்குதுங்க" என்று நஞ்சப்பன் மிரட்டலில் இறங்கினார். "இன்னைக்கு எங்கியோ வேலை கேட்டுப் போயிருக்குது. சாயங்காலம் வரட்டும், உங்ககிட்டப் பேசச் சொல்றேன். அப்பத் தெரியும்."

ஸ்ரீலேகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தனை தூரம் வேண்டாமுங்க" என்றாள் அனுப்பிரியா. "நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள ஆளு வருமுங்க. அதுவரைக்கும் அவங்களை ஈரத்துணியத் தூக்க வேண்டாமுன்னு சொல்லுங்க."

மறுமுனையில் கோபம் இறங்கியது தெரிந்தது. "செரிங்க. உங்க பேரென்னங்க? பேரு கேக்காம போனை வெக்கக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லியிருக்குது."

வேலையில் சேராதவள் என்ன பெயரைச் சொல்வது? அனுப்பிரியா ஸ்ரீலேகாவைப் பார்த்தாள். அப்படிக் கெஞ்சலாக அவள் வாழ்க்கையில் யாரையும் பார்த்ததில்லை.

"சொல்லுங்கோ" என்றாள் ஸ்ரீலேகா, போனுக்குக் கேட்காதபடி மெதுவாக. "திங்கட்கிழமையிலேர்ந்து இங்கே போனை நீங்கதானே எடுக்கப் போறேள். ஆனா ஒண்ணு, இனிமே யார் ஆத்துக்காரியாவும் நமக்குப் போன் பண்ணப்படாது, கேட்டேளா?"

"அனுப்பிரியாங்க மாமா."

நஞ்சப்பன் குழம்பிப்போன குரலில் கேட்டார். "ஏ அம்மிணி, நீயா? நீ அந்தப் பக்கம் போயிட்டீன்னா, இனி நாங்க யாருகிட்டப் போயிச் சொல்றது?"

"எங்கிட்டயே சொல்லுங்க மாமா" என்றாள் அனுப்பிரியா. "அத்தையவே பேசச் சொல்லுங்க. நான் கேக்கறேன்."