நீர்நாய்க்கு இன்னொரு சாட்சி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பதிவேட்டில் பிறந்தது. அலையாத்திக் காட்டுப் படகுத்துறையில் அதைப் புரட்டினேன். 'பார்த்தவர்' என்று ஒரு கட்டம், 'உடன் பார்த்தவர்' என்று இன்னொரு கட்டம். இரண்டிலும் கையெழுத்து இருந்தால்தான் அந்த விலங்கு இருந்ததாக ஒப்புக்கொள்வார்களாம். எனக்கு அப்போதே கை பரபரத்தது.

காலை வெயிலில் அலையாத்தி வேர்கள் ஏதோ... வேண்டாம். வேர் எங்கும் ஓடிவிடாது. ஆளைச் சொல்கிறேன்.

2

அவள் படகில் வழிகாட்டி. ஓட்டுவது அண்ணி. நாத்தனாரும் அண்ணியும் ஒரே படகில் போய்க் கவிழாமல் திரும்புவதே அதிசயம் என்று துறையில் கேலி செய்வார்கள். இந்தக் கால்வாயில் நீர்நாய் இருக்கிறது என்று வழிகாட்டி மூன்று வருடமாக அடித்துச் சொல்கிறாள், பார்த்ததில்லை. இன்றோடு விலங்குக் கணக்கெடுப்பு முடிகிறது. நீர்நாய் பதிவானால் காடு தப்பும். இல்லையென்றால் வெட்டிவிட்டுப் புதுத் துறை கட்டுவார்கள்.

படகில் ஒரே ஒரு பயணி. சிரிப்புக்காக அவரைத் தூங்க வைத்தேன்.*

* குறட்டையும் என் உபயம்தான். இதற்குப் பின்னால் அனுபவிப்பேன்.

3

மோட்டார் விசிறியில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டது. அண்ணி பின்பக்கம் குனிந்து அதை அறுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வழிகாட்டியின் கண்ணில் பட்டது (எழுதுகிற என் கண்ணிலும்தான்), சேற்றுக் கரையில் நீர்நாய்! வாயில் மீன். பின்னாலேயே இரண்டு குட்டிகள். மீனுக்கு முண்டியடித்ததில் ஒரு குட்டி வழுக்கித் தண்ணீரில் விழ, தாய் மீனைப் போட்டுவிட்டுக் குட்டியைக் கவ்வித் தூக்கியது.

"அண்ணி, இங்க பாருங்க."

அண்ணி பார்த்தாள், பூரித்துப் போனாள் [இந்த வரியை அடித்துவிட்டேன், அவ்வளவு சுளுவாகவா?]. அண்ணி நிமிர்வதற்குள் தண்ணீரில் வட்டங்கள்தான் மிச்சம்.

4

"நிஜமா பாத்தியா?"

"மூணு, அண்ணி. தாயும் ரெண்டு குட்டியும்." அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்ப பதிவேட்டக் குடு, நானும் கையெழுத்துப் போடறேன். நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்."

"வேணாம். உங்கள நிக்க வச்சு விசாரிச்சா என்ன சொல்லுவீங்க? ஒண்ணு பொய்னு தெரிஞ்சா மொத்தப் பதிவையும் அடிச்சிடுவாங்க."

"இந்த வீம்பு உங்க அண்ணனுக்கும் உண்டு," என்றாள் அண்ணி. ஆனாலும் கையை இழுத்துக்கொண்டாள்.

பயணியை எழுப்பலாமா? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் எழுந்து "எங்க, எங்க?" என்கிறார். என் கையெழுத்தோ செல்லாது. என் சரக்குக்கு நானே சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்?

5

'பார்த்தவர்' கட்டத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பதிவேடு மூட ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. குட்டி விழுந்ததும் தாய் எதைக் கீழே போட்டது என்று கேட்டால் அண்ணிக்குத் தெரியாது. பயணிக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அவள் இந்தப் பக்கம் திரும்பிப் பேனாவை நீட்டுகிறாள்.